ஏச்சு வாங்க ஆள் தேவை

குருநகர் கிறிஸ்துநாயகம் ஒரு பெரிய முடிவு எடுத்தார். இனி உயிருள்ளவரைக்கும் வேலை தேடுவது. கவனிக்கவேண்டும், தேடுவது மட்டும்தான். கிடைத்துவிடுகிற அளவுக்குத் தேடுவதில்லை.

ஐம்பது வயதில் ஒரு மனிதர் இப்படி முடிவெடுக்கக் காரணம் இல்லாமலில்லை. அவர் வேலைபார்த்த இரும்புக்கடையின் முதலாளி குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார். ஆணியும் பிணைச்சலும் விற்ற இடத்தில் இப்போது ஐஸ்கிறீம் விற்கிறார்கள். நாயகத்தார் முதலில் உண்மையாகவேதான் வேலை தேடினார். நீளக்கைச் சேட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கந்தோருக்குப் போனார். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த இளந்தாரி கேட்டான்.

"ஐயாவுக்கு எக்செல் தெரியுமோ?"

"ஆர் தம்பி, எந்த ஊர்? முகத்தைக் கண்டால் சொல்லிப்போடுவன்."

இளந்தாரி சிரித்தான். பக்கத்து மேசைப் பிள்ளையும் சிரித்தாள். வாசலில் நின்ற காவலாளிக்கு என்ன விசயம் என்றே தெரியாது, அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு நாயகத்தாரின் சைக்கிள் கரியரில் ஏறி இருந்துகொண்டு வீடுவரைக்கும் வந்தது. இறங்கவேயில்லை.

அதற்குப் பிறகு அவர் நேரில் போவதை விட்டுவிட்டு இணையத்தில் விண்ணப்பம் போட்டார். ஒருவரும் பதில் போடவில்லை. ஆனால் பதில் வராத இடத்தில் ஒரு வசதி உண்டு. அங்கே யாரும் சிரிப்பதில்லை. நாயகத்தார் அந்த வசதியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவருடைய தகப்பன் கடலில் வலை போட்டவர். மகன் வலையில் கடலை போட்டார்.

மனைவி பெர்னடெட் கஸ்தூரியார் வீதியில் ஒரு தையல் கடையில் மத்தியானம்வரைக்கும் தைக்கிறவள். தையல் மெசினின் சத்தத்தை அமத்திக் கதைத்துப் பழகிய தொண்டை. குசினிக்குள் நின்று அவள் "இஞ்சேருங்கோ" என்றால், யாகப்பர் கோயிலடியில் படுத்திருக்கிற நாய் எழும்பி, "என்னையோ?" என்று பார்க்கும். அவள் வேலைக்குப் போன கையோடு நாயகத்தார் காற்றாடிக்குக் கீழே போனுடன் சாய்ந்துவிடுவார். அவள் திரும்பி வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்து நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருப்பார்.

"இண்டைக்கும் போட்டியளோ?"

"என்னத்தை?"

"விண்ணப்பம்."

"ஓம், அஞ்சு விண்ணப்பம் போட்டனான்."

"அஞ்சு அப்பம் போட்டிருந்தாலும் காலமைச் சாப்பாட்டுக்கு ஆகியிருக்கும்."

"இஞ்சேரும், உது பொறுமையாச் செய்யவேண்டிய அலுவல். முகாமையாளர் வேலைக்கு எடுத்த உடனை கூப்பிடமாட்டினம்."

"முகாமையாளரோ? உங்கடை வேகத்துக்கு வெறும் ஆமையாளர் எண்டு போடுங்கோ. உடனை கூப்பிடுவினம்."

நாயகத்தார் இதற்கெல்லாம் வாய் திறக்கமாட்டார். பெர்னடெட் ஏசத் தொடங்கினால் அவர் மழைக்கு மரத்தின்கீழ் ஒதுங்கிய மாடுமாதிரி நிற்பார். மழை விட்டதும் உடம்பை ஒருதரம் உதறிக்கொண்டு, "சாப்பிடுவமோ?" என்பார்.

ஆனால் விண்ணப்பம் போடுவதில் அவர் மகா கெட்டிக்காரர். கிடைக்கவே கிடைக்காத வேலைகளாகப் பொறுக்கி எடுத்தார். விமானி வேலைக்குப் போட்டார். நீச்சல் பயிற்சியாளர் வேலைக்குப் போட்டார். குருநகரில் பிறந்தும் கணுக்காலுக்கு மேலே தண்ணீர் வந்தால் மாதாவைக் கூப்பிடுகிற மனிதர். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலைக்குச் சத்திரசிகிச்சை நிபுணராகப் போட்டார். படத்துக்குத் தன் கலியாணப் படத்தையே வெட்டிப் போட்டிருந்தார். பெர்னடெட்டை முழுதாக வெட்டியும் தோளில் அவளுடைய கை மட்டும் மிஞ்சிவிட்டது. பார்க்கிறவர்களுக்கு யாரோ பொலிஸ்காரன் அவரைப் பிடித்துக்கொண்டு போகிறமாதிரி இருக்கும். அதுவும் நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டார்.

ஒரு சனிக்கிழமை, தையல் கடை பூட்டு. நாயகத்தார் கிணற்றடியில் நின்றபோது அவருடைய போன் அடித்தது. பெர்னடெட் எடுத்தாள்.

"கிறிஸ்துநாயகம் மிஸ்ஸோ கதைக்கிறது?" என்றது ஒரு பெண் குரல்.

"அது என்ரை அவர். என்ன விசயம் பிள்ளை?"

"அவரோ! இல்லை அக்கா, எங்கடை பொம்பிளைப் பிள்ளையளின்ரை விடுதிக்குப் பொறுப்பா நிக்கிற மேற்றன் வேலை கேட்டு எழுதிக்கிடக்கு. பேரைப் பாத்தால் ஆம்பிளைப் பேர் மாதிரிக் கிடக்குது, அதுதான்..."

"ஆம்பிளைதான் பிள்ளை. இப்ப குளிச்சுக்கொண்டு நிக்கிறார்."

மற்றப் பக்கம் படாரென்று போனை வைத்துவிட்டது.

பெர்னடெட் கதிரையில் இருந்து அந்தப் போனைத் தோண்டினாள். மேற்றன், விமானி, சத்திரசிகிச்சை. பல்லைக் கடித்தாள். கிணற்றடிக்குப் போய் வாளியைப் பறித்துத் தலையில் கவிழ்க்கலாமா என்று யோசித்தாள். இன்னும் கீழே போனாள். அங்கே பழைய விண்ணப்பங்கள் கிடந்தன. கடைச் சிப்பந்தி. பண்டகசாலை உதவியாள். இரவுக் காவலாளி. ஒவ்வொன்றின் கீழும் நாயகத்தார் எழுதியிருந்தார்: "எந்த வேலை தந்தாலும் நேர்மையாகச் செய்வேன்." ஒவ்வொன்றையும் யாரோ வாசித்திருந்தார்கள். ஒருவரும் ஒரு எழுத்தும் திருப்பி எழுதவில்லை.

பெர்னடெட் எழும்பிப் போய் மீனை வெட்டத் தொடங்கினாள். வாளியை மறந்துவிட்டாள்.

மத்தியானம் விளைமீன் குழம்பு. மீன் தலையை எடுத்து நாயகத்தாரின் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். நாயகத்தாருக்கு நெஞ்சு திடுக்கிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் மீன் தலை அவள் பக்கம்தான்.

"இண்டைக்கு என்ன விசேசம்?"

"ஒண்டுமில்லை. பாவம், நாள் முழுக்க வேலை தேடுறியள்."

"ஓம். கண்ணெல்லாம் நோகுது."

"இண்டைக்கு எங்கையெங்கை போட்டியள்?"

"எல்லாம் பெரிய இடங்கள். வெளியிலை சொல்லக்கூடாது."

"பொம்பிளைப் பிள்ளையளுக்குத் தலை பின்னிவிடுற வேலையும் இருக்கோ?"

வாயிலிருந்த முள் நேராகத் தொண்டைக்குப் போனது. பெர்னடெட் எழும்பி முதுகில் தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

"விரல் தவறிப் பட்டிருக்கும் பெர்னடெட்."

"உங்கடை விரல் எல்லாத்திலையும் படுது. வேலையிலை மட்டும் படேல்லை."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. "போனைத் தாங்கோ, லவீனாவோடை கதைக்கவேணும்" என்று வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். லவீனா ஒரே மகள். வவுனியாவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தாயும் மகளும் கதைத்தால் சூரியன் இறங்கும். நாயகத்தார் தப்பினேன் பிழைத்தேன் என்று பாயை விரித்தார். முற்றத்தில் நின்றவள் கதைக்காமல் எழுதிக்கொண்டு நின்றதை அவர் காணவில்லை.

மறுநாள் காலைப் பூசைக்குப் போய் வந்து தேத்தண்ணியை வாயில் வைத்தார். பக்கத்து வீட்டு றஞ்சித்தின் தலை மதிலுக்கு மேலால் வந்தது. றஞ்சித் கொழும்புக்கு மீன் ஏற்றுகிற வாகனக்காரன். ஓடாத நேரமெல்லாம் போனைப் பார்க்கிறவன்.

"நாயகமண்ணை! நீங்கள் வைரல்!"

"வைரலோ? காய்ச்சல் ஒண்டும் இல்லையே தம்பி."

"காய்ச்சல் இல்லையண்ணை, பேஸ்புக்கிலை! யாழ்ப்பாண வேலைவாய்ப்புக் குழுவிலை உங்கடை பேரிலை போட்டிருக்கு. வாசிக்கிறன், கேளுங்கோ."

அவன் வாசித்தான். அவனுடைய குரலும் லேசுப்பட்டதில்லை. ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

"வணக்கம். இதை எழுதுவது கிறிஸ்துநாயகத்தின் மனைவி. என் கணவருக்கு ஒரு வேலை வேண்டும். அவருக்குக் கணினி தெரியாது. விமானம் ஓட்டத் தெரியாது. சத்திரசிகிச்சையும் தெரியாது, கோழி உரிப்பதைக் கண்டாலே தலைசுற்றும். மத்தியானம் சாப்பிட்டால் நித்திரை வரும். ஆனால் களவு இல்லை, குடி இல்லை, பொய் சொன்னால் காது சிவக்கும். அனுபவம் ஒன்று உண்டு. இருபத்திரண்டு வருடமாக என்னிடம் ஏச்சு வாங்குகிறார். ஒருநாளும் திருப்பிக் கதைத்ததில்லை. முகம் சுளித்ததில்லை. சாப்பாட்டில் கோபம் காட்டியதில்லை. இந்தத் தகைமை எங்கேயாவது தேவைப்பட்டால் தயவுசெய்து அழையுங்கள்."

"கீழை ஆக்கள் எழுதியிருக்கிறதையும் கேளுங்கோண்ணை. 'இதே அனுபவம் எனக்கும் உண்டு, வேலை இருந்தால் எனக்கும் சொல்லவும்.' அதுக்குக் கீழை ஆம்பிளையள் எல்லாரும் வரிசையா 'எனக்கும், எனக்கும்' எண்டு போட்டிருக்கினம். தொரன்ரோவிலையிருந்து ஒருத்தர் கும்பிட்டுப் படம் போட்டிருக்கிறார்."

நாயகத்தார் குசினிக்குள் பாய்ந்தார்.

"என்ரை மானம் போச்சு!"

"எங்கை போச்சு?"

"கனடாவரைக்கும் போச்சு!"

"நல்லது. எங்கடை வீட்டிலையிருந்து ஏதாவது ஒண்டு கனடாவுக்குப் போகட்டும்."

"என்னைக் கேக்காமல் எப்பிடி எழுதுவீர்?"

"விடுதிக்காரர் என்னைக் கேட்டிட்டே நீங்கள் மேற்றன் வேலைக்கு எழுதினியள்?"

"உதைக் கண்டிட்டு ஆர் வேலை தருவான்?"

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. நாயகத்தார் கையை நீட்டமுன்னம் பெர்னடெட் எடுத்துவிட்டாள்.

"ஓம் பிள்ளை. ஓமோம், அந்த ஏச்சுக்காரர்தான். நாளைக்கு விடியவோ? வருவார். நான் அனுப்பிவைக்கிறன்."

அழைத்தது தும்பி பார்சல் சேவை. இணையத்தில் சனம் வாங்குகிற சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற கொம்பனி. நாயகத்தார் விரல்விட்டு எண்ணினார். இன்னொரு கந்தோர். இன்னொரு மேசை. இன்னொரு இளந்தாரி.

போகாமல் விட முடியாது; மறுநாள் பெர்னடெட் படலைவரைக்கும் வந்து, சந்தி திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். ஆகவே சைக்கிளிலேயே ஒரு திட்டம் போட்டார். வாயே திறப்பதில்லை. எதைக் கேட்டாலும் கல்லுமாதிரி இருப்பது. ஊமையை யார் வேலைக்கு எடுப்பான்? போய் இருந்து எழும்பி வந்துவிடலாம்.

முகாமையாளராக இருந்தது நிவேதனா என்ற சின்ன வயதுப் பெண். கதிரையைக் காட்டிவிட்டு, "அங்கிள், ஒரு சின்னச் சோதினை" என்று சொல்லி உள்ளே பார்த்துக் கையைக் காட்டினாள். கட்டையான ஒரு பெண் வந்து முன்னால் நின்று கத்தத் தொடங்கினாள்.

"என்னையா நடத்துறியள் நீங்கள்? நான் கேட்டது கத்தரிப்பூ நிறச் சேலை. வந்தது ஆம்பிளையள் கட்டுற பச்சைச் சாரம்! கலியாண வீட்டுக்குச் சாரம் கட்டிக்கொண்டு போறதோ? வெக்கமில்லையோ உங்களுக்கு?"

நாயகத்தார் கல்லுமாதிரி இருந்தார். உள்ளுக்குள் அவருக்கு வியப்பாக இருந்தது. இதெல்லாம் ஒரு ஏச்சா? மூச்சு எடுக்கிற இடம் எல்லாம் தெரிகிறது. அவருடைய தாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. சகோதரிமாரைத் தொடவில்லை. கலியாணத்தன்று மோட்டுத்தனமாக மோதிரத்தைக் கீழே போட்ட கதை இல்லை. பழகாத பிள்ளை, பாவம்.

பிறகு ஒரு தடித்த பெடியன் வந்து மேசையில் அடித்து அடித்துக் கத்தினான். அவன் கேட்ட அரைக்கும் மெசினுக்குப் பதிலாகச் சிறுபிள்ளை ஓட்டுகிற கார் போயிருந்ததாம். அவன் ஓர் இடத்தில் மூச்சு வாங்க நின்றான். அங்கேதான் நாயகத்தாரின் திட்டம் கவிழ்ந்தது. வாய் அவரைக் கேளாமல் தானாகத் திறந்தது. பழக்கதோசம்.

"ஓம், நீங்கள் சொல்லுறதுதான் சரி. என்னிலைதான் பிழை. தண்ணி ஒருவாய் குடிச்சிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கோ."

பெடியன் அப்படியே நின்றான். கட்டைப் பெண் ஓடிவந்து, "ஐயா, குறை நினைக்காதேங்கோ, சும்மா நடிச்சனாங்கள்" என்று கண் கலங்கினாள். நிவேதனா கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

"அங்கிள், எப்ப வந்து சேருவியள்?"

நாயகத்தார் கடைசி ஆயுதத்தை எடுத்தார். வரப்போகிற சிரிப்புக்காக முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னார்.

"பிள்ளை, எனக்கு எக்செல் தெரியாது."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"அது தெரிஞ்ச ஆக்கள் இஞ்சை நிறைய இருக்கினம் அங்கிள். ஏசுற சனத்தின்ரை போனை எடுக்கத்தான் ஒருத்தருமில்லை. எடுக்கிற பிள்ளையள் எல்லாம் அழுதுபோட்டு ஓடுதுகள். நீங்கள் இல்லையெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

திரும்பி வரும்போது சைக்கிள் மிதிக்காமலே போகிறமாதிரி இருந்தது. நாயகத்தார் கரியரை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. சுப்பிரமணியம் பூங்காவடியில் நிறுத்தி, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, ஒரு பெரிய மூச்சு விட்டார். எத்தனையோ மாதமாக உள்ளே அடைத்து வைத்திருந்த மூச்சு அது.

பெர்னடெட் படலையடியில் கூட்டிக்கொண்டு நின்றாள். கூட்டின இடத்தையே கூட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னவாம்?"

"எடுத்திட்டினம்."

விளக்குமாறு கையை விட்டு விழுந்தது. அவள் முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கைச் சீறினாள். தூசி என்றாள். நாயகத்தாருக்கு அதைப் பார்க்க மனது பொங்கி உண்மை வாயில் வந்துவிட்டது.

"உம்மட்டைச் சொன்னால் என்ன, எடுக்கக்கூடாது எண்டுதான் வாய் திறக்காமல் இருந்தனான்."

"தெரியும். நீங்கள் அப்பிடித்தான் இருப்பியள் எண்டு தெரிஞ்சுதானே அப்பிடி எழுதினனான்."

நாயகத்தார் தும்பியில் கொடி கட்டிப் பறந்தார். அச்சுவேலியில் இருந்து ஒரு கிழவர் தனக்கு வந்த செருப்பு இரண்டும் இடது கால் என்று ஏசி ஏசி, கடைசியில் தன் மருமகனைப் பற்றிக் குறை சொல்லி, "நீ நல்ல பிள்ளையடா" என்று போனை வைத்தார். காரைநகர்ப் பெண் ஒருத்தி அவருடன் கதைப்பதற்கென்றே இன்னொரு பார்சல் எடுப்பித்தாள். சந்தியில் யாராவது "எங்கையண்ணை?" என்று கேட்டால் நாயகத்தார் சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றி, ஆறுதலாக, "வேலைக்கு" என்பார். கேட்காதவர்களிடமும் சொன்னார். இரவில் நித்திரை வந்தது. மத்தியானமும் வந்தது, அதற்கு மட்டும் நிவேதனா கண்ணை மூடிக்கொண்டாள்.

எல்லாம் நன்றாகப் போன ஒருநாள் அவள் கேட்டாள்.

"அங்கிள், உங்களுக்கு எப்பிடிக் கோபம் வரேல்லை? புதுசா வாற பிள்ளையளுக்கும் உதைப் பழக்கவேணும். நீங்கள் எங்கை பழகினியள்?"

சந்தோசமான மனிதன் யோசித்துக் கதைப்பதில்லை. நாயகத்தார் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எல்லாம் என்ரை மனுசியின்ரை பயிற்சி. அவவட்டை ஒரு கிழமை நிண்டால் காணும். பேந்து பூமி அதிர்ந்தாலும் உங்கடை பிள்ளையள் அசையாதுகள்."

"அன்ரியின்ரை நம்பரை ஒருக்கால் தாங்கோ."

தந்துவிட்டார். கையாலேயே எழுதித் தந்துவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை பின்னேரம், நாயகத்தார் போனில் ஒருவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். மேல்மாடியில் இடி இடித்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன. போனின் மற்றப் பக்கத்தில் இருந்தவரே, "அங்கை என்ன சத்தம்?" என்று பயந்துபோய் ஏச்சை நிறுத்திவிட்டார். அந்தக் குரல் நாயகத்தாருக்குத் தெரியும்.

படியேறிப் பார்த்தார். ஐந்தாறு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். முன்னால் பெர்னடெட் நின்றாள். அவளுக்குப் பின்னால் சில்லு வைத்த கதிரை. கழுத்தில் பட்டி. பட்டியில் அவளுடைய படம். படத்துக்குக் கீழே "பிரதான பயிற்சியாளர்" என்று அச்சடித்திருந்தது. நாயகத்தாரின் பட்டியில் "உதவியாளர்" என்றுதான் இருந்தது.

"நீங்கள் ஏன் மேலை வந்தனீங்கள்?" என்றாள் பெர்னடெட். "கீழை போன் அடிக்குது."

"ஓம் மிஸ்" என்றார் நாயகத்தார். வாய் அதுவாகச் சொன்னது.

ஆனாலும் இறங்கிவரும்போது படியில் அவருக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. பின்னேரம் முழுக்க இவ்வளவு ஏச்சையும் இங்கே கொட்டினால் வீட்டுக்கு மிச்சம் என்ன இருக்கும்? தொண்டை ஒன்றுதானே! இனி வீடு தேவாலயம்மாதிரி அமைதியாக இருக்கும். வேலையும் கிடைத்தது, நிம்மதியும் கிடைத்தது. நாயகத்தார் அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகத்தோடு ஏச்சு வாங்கினார்.

அவர் நினைத்தபடியேதான் நடந்தது. சைக்கிள் கரியரில் இருந்துவந்த பெர்னடெட் வழியில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றினாள். தேத்தண்ணி போட்டாள். ஒரு துண்டு பனங்கட்டியோடு கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, எதிரே கதிரையை இழுத்துப்போட்டு மெல்ல இருந்தாள். காற்றாடி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. நாயகத்தார் காலை நீட்டிக் கண்ணை மூடினார்.

பெர்னடெட் தொண்டையைச் செருமினாள்.

"நாளைக்கு எல்லாம் புதுப் பிள்ளையள். இஞ்சேருங்கோ, கண்ணைத் திறந்து நிமிந்து இருங்கோ பாப்பம். உங்களிலை ஒருக்கால் ஒத்திகை பாத்திட்டுப் போறன்."